திரைக்குள் இறங்கிப் பார்க்கும் கலை: வன்னியிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக்கண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில் நடக்கும் கலைக் கண்காட்சிகளைப் பற்றி, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சித்திர ஆசிரியர்கள் கேட்டவை, உயர்தர மாணவர்கள் கேட்டவை, பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்த பெற்றோர் கேட்டவை எல்லாம் கலந்திருக்கின்றன. வரிசையாக வாசிக்க வேண்டும் என்றில்லை.

செக்கண்ட் லைஃப் என்பது விளையாட்டா?

விளையாட்டுப் போலத் தெரியும். ஆனால் வெல்லவும் தோற்கவும் அங்கே எதுவும் இல்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த லிண்டன் லாப் என்ற நிறுவனம் 2003ஆம் ஆண்டு ஜூனில் அதைப் பொதுமக்களுக்குத் திறந்தது. நிறுவனம் முக்கியமாகத் தருவது நிலமும் வானமும் கடலும்தான். வீடு, மரம், உடை, மழை என மற்றவற்றில் பெரும்பாலானவற்றை அங்கே வசிப்பவர்கள்தான் செய்கிறார்கள். நீங்கள் ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டு நடக்கலாம், பறக்கலாம், எதிரே வருபவரோடு பேசலாம். அந்த உருவத்தை அவதார் என்கிறார்கள்.

நிலம் சதுரத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பிரதேசம் எனப்படும் ஒரு முழுத் துண்டு 256 மீற்றர் நீளம், 256 மீற்றர் அகலம். ஏறக்குறைய பதினாறு ஏக்கர். அந்தப் பதினாறு ஏக்கரையும் மேலே உள்ள வானத்தையும் ஒரே ஓவியர் எடுத்துக்கொண்டு, ஒரே படைப்பாக ஆக்கிவிடுகிறார். அத்தகைய படைப்புகளைப் பற்றியே இந்தப் பக்கம்.

சுவரில் படம் மாட்டிய கண்காட்சிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சுவரில் படம் மாட்டிய கூடங்கள் அங்கேயும் நிறைய உண்டு. வேண்டுமானால் போய்ப் பாருங்கள். நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. படத்தின் படத்தைத் திரையில் பார்ப்பதற்கு ஒரு மெய்நிகர் உலகம் தேவையில்லை.

நான் சொல்வது வேறு வகை. வட்டக்களரியில் கூத்தர் நடுவில் ஆட, நாம் நாற்புறமும் இருந்து பார்ப்போம். இங்கே நடுவில் நிற்பது பார்வையாளர்; ஆட்டம் அவரைச் சுற்றி நடக்கிறது. நீங்கள் ஒரு கதவைத் தொட்டால்தான் அடுத்த அறை உண்டாகும். ஓர் ஏணியில் ஏறினால்தான் கவிதையின் அடுத்த வரி கிடைக்கும். எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள், எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் பார்த்த படைப்பும் உங்கள் நண்பர் பார்த்த படைப்பும் வேறாகிவிடும்.

இப்படிப் பொருட்களை ஓரிடத்தில் அமைத்து அந்த இடத்தையே படைப்பாக்குவதை நிறுவல் கலை என்பார்கள். அது வெறும் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்த கண்காட்சியில், ஓவியர் தா. சனாதனன் வடக்கில் உள்ள மக்களிடமிருந்து அவர்களுடைய சொந்தப் பொருட்களைச் சேகரித்து ஒரு நிறுவலாக வைத்திருந்தார். பொருளும் இடமும் சேர்ந்து பேசும் என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை.

யார் யாருடைய படைப்புகளை அறிந்திருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி.

முதலில் சீன ஓவியர் சாவ் ஃபேய். செக்கண்ட் லைஃபில் அவருடைய பெயர் சைனா ட்ரேசி. அங்கே தான் அலைந்து திரிந்ததைப் படம்பிடித்து அவர் தொகுத்த காணொளி, 2007ஆம் ஆண்டு, ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் வெனிஸ் கலைவிழாவின் சீன மண்டபத்திலே காட்டப்பட்டது. அதன் பின்னர் அவர் ஆர்.எம்.பி. சிட்டி என்று ஒரு நகரத்தையே கட்டினார். 2009 ஜனவரியில் அது பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது. பெய்ஜிங்கின் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிலையக் கட்டடம் அங்கே ஒரு பாரந்தூக்கியில் தொங்கும். ஒலிம்பிக் அரங்கு கடலில் பாதி அமிழ்ந்து துருப்பிடித்துக் கிடக்கும். வேகவேகமாக இடித்துக் கட்டப்படும் நாட்டைப் பற்றி அந்நாட்டுக்காரர் ஒருவர் செய்த கேலி அது. ஏ9 சாலையின் இருமருங்கிலும் சில ஆண்டுகளுக்குள் எத்தனை கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன என்று பார்த்தவர்களுக்கு அந்தக் கேலி உடனே புரியும். 2011இல் அந்த நகரம் மூடப்பட்டது.

அடுத்து பிரின் ஓ. கனடாவின் டொரொண்டோவைச் சேர்ந்த ஓவியர் ஒருவர் சூடிக்கொண்ட பெயர் இது. இம்மெர்சிவா என்ற பிரதேசத்தில் பல ஆண்டுகளாகக் கதை கதையாகக் கட்டிவந்திருக்கிறார். இயந்திரப் பிராணிகள், நினைவு தப்பிய பெண்கள், பாழடைந்த கட்டடங்கள் என்று ஒரு படைப்பின் பாத்திரம் அடுத்ததில் எட்டிப் பார்க்கும். அவர் எதையும் வாசலில் வைத்து விளக்குவதில்லை. மூலையில் ஒரு சிறிய பொருள் கிடக்கும். அதைக் கவனித்துத் தொட்டவருக்குக் கதை திறக்கும், விரைந்து கடந்தவருக்குத் திறக்காது. தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இவருடைய பெயரைத்தான்.

சிரிக்க வேண்டுமானால் கசீரா பாபெலி. இது அவதாரின் பெயர். ஆளை விட அவதாரே கலைஞராக அறியப்பட்டார். 2006இல் அவர் செய்த படைப்பில், கடைப்பொருளையும் விளம்பரத்தையும் கலையாக்கிய பொப் கலையின் அடையாளமாகிப்போன அந்த சூப் தகரப்பேணி உங்களைத் துரத்திக்கொண்டு வந்து விழுங்கிவிடும். ஓடினால் பேணியும் ஓடும். அருங்காட்சியகத்தில் கயிற்றுக்கு இப்பால் நின்று கைகட்டிப் பார்த்த கலைப்பொருள், பார்வையாளரைப் பிடித்துத் தின்னப் புறப்பட்டால் எப்படி இருக்கும்?

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஜோசப் டெலாப் என்ற அமெரிக்கக் கலைஞர், காந்தியின் 1930ஆம் ஆண்டுத் தண்டி யாத்திரையை 2008இல் செக்கண்ட் லைஃபில் நடந்து முடித்தார். விசைப்பலகையைத் தட்டி நடக்கவில்லை. நியூயோர்க்கில் ஒரு கலைக்கூடத்தில் நடைப்பயிற்சி இயந்திரம் ஒன்றை வைத்து, அதில் தன் காலால் ஓரடி வைத்தால் திரையில் காந்தி உருவம் ஓரடி வைக்கும்படி இணைத்திருந்தார். மார்ச் 12 முதல் ஏப்ரல் 6 வரை, 26 நாட்கள், 240 மைல். வழியில் எதிர்ப்பட்ட அவதார்களுக்கெல்லாம் ஊன்றுகோல் கொடுத்துக்கொண்டே போனார். ஆனையிறவு உப்பளத்தைக் கடந்து பஸ்ஸில் போய்வரும் நம்மில் ஒருவர், உப்புக்காக நடந்த அந்த நடையை இப்படியும் நினைவுகூரலாம் என்று அறிந்திருப்பது நல்லது. மெய்நிகர் உலகில் உடலுக்கு வேலையில்லை என்று சொல்பவர்களுக்கும் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

என் கணினி இதற்குப் போதுமா? இங்குள்ள இணைய வேகத்தில் ஓடுமா?

8 ஜிபி நினைவகமுள்ள சாதாரண மடிக்கணினியில் ஓடும். ஆனால் அமைப்புகளைக் குறைக்க வேண்டும். நிழல்களை நிறுத்துங்கள். எவ்வளவு தூரம் வரை காட்சி வரையப்பட வேண்டும் என்ற அளவை 64 அல்லது 96 மீற்றருக்குக் கொண்டுவாருங்கள். சில படைப்புகளுக்கு இந்தத் தூரம் போதாது. பெரிய சிற்பம் பாதியில் அறுந்து தெரியும். அப்படியானால் நின்ற இடத்திலேயே நின்று, அளவை மெல்லக் கூட்டிப் பார்த்துவிட்டு மறுபடி குறைத்துவிடுங்கள்.

இணையத்தைப் பொறுத்தவரை முதல் வருகைதான் கனதியானது. அங்கே உள்ள ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு படமும் நீங்கள் நுழையும்போதுதான் இறங்கத் தொடங்கும். இறங்கியவற்றைக் கணினி சேமித்து வைப்பதால் இரண்டாம் தடவை வேகமாகத் திறக்கும், டேட்டாவும் குறையும். அந்தச் சேமிப்புக்கான இடத்தை அமைப்புகளில் கூட்டிவிடுங்கள். இரவில் கூடுதல் டேட்டா தரும் பொதி உங்களிடம் இருந்தால், இரவில் ஒரு தடவை போய் இறக்கிக்கொண்டு பகலில் ஆறுதலாகப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் உருவமற்றுக் கிடக்கும் பொருட்களைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று வெளியேறியவர்கள் பலர். ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால் வேறு காட்சி தெரிந்திருக்கும்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டார். ஒன்றும் ஆகாது. திரும்ப நுழையும்போது பெரும்பாலும் விட்ட இடத்திலேயே நிற்பீர்கள்.

தலையில் மாட்டும் கருவி வேண்டுமா?

வேண்டாம். லிண்டன் லாப் 2014 அளவில் அதற்கான சோதனைப் பதிப்பு ஒன்றை வெளியிட்டு, 2016இல் கைவிட்டுவிட்டது. சாதாரணத் திரையும் நல்ல ஹெட்போனும் போதும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஹெட்போனை வாங்குங்கள்.

உள்ளே போய்விட்டேன். எதையும் சரியாகப் பார்த்ததாகத் தோன்றவில்லை. எங்கே பிழைக்கிறது?

பெரும்பாலும் மூன்று இடங்களில்.

முதலாவது வெளிச்சம். படைப்பாளி தன் நிலத்துக்கென்று ஒரு வானத்தை, ஒரு பொழுதை, ஒரு பனிமூட்டத்தை அமைத்து வைத்திருப்பார். உங்கள் கணினி எப்போதும் நண்பகல் என்று அமைக்கப்பட்டிருந்தால் அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. சூழல் அமைப்பில் "பகிரப்பட்ட சூழல்" என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இருட்டாக இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். அந்த இருட்டும் அவர் செய்ததுதான்.

இரண்டாவது கண். உங்கள் அவதாரின் முதுகுக்குப் பின்னால் சற்று மேலே இருந்துதான் காட்சி தொடங்கும். நடந்து போகும்போது கண்ணுக்கு நேரே பார்க்க M விசையை அழுத்துங்கள். ஒரு பொருளைச் சுற்றிப் பார்க்க ஆல்ட் விசையை அழுத்தியபடி சுட்டியை இழுங்கள். பழைய நிலைக்கு வர எஸ்கேப். இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் பார்வை பல மடங்கு கூடும். நேர்ப்பார்வையில் நீண்ட நேரம் நடந்தால் சிலருக்குத் தலை சுற்றும். அவர்கள் பின்னாலிருந்தே பார்க்கலாம்.

மூன்றாவது அவசரம். ஓரிரவில் பத்துக் கண்காட்சிகளுக்குத் தாவிப் போனவரிடம் மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. ஒன்றுக்குப் போங்கள். வாசலில் பெரும்பாலும் ஒரு குறிப்பட்டை கிடைக்கும், அதை வாசியுங்கள். ஒலியைத் திறவுங்கள். முதல் சுற்றில் எதையும் தொடாமல் நடந்துவிட்டு, இரண்டாம் சுற்றில் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். பறக்கத் தெரிந்துவிட்டது என்பதற்காகப் பறக்காதீர்கள். நடக்க வேண்டும் என்று நினைத்துச் செய்த பாதையை மேலிருந்து பார்த்தால் வெறும் வரைபடம்தான் தெரியும்.

சில இடங்கள் உங்கள் அவதாரைத் தாமாகவே நகர்த்தவும் இருத்தவும் அனுமதி கேட்கும். நம்பகமான கலைப் பிரதேசம் என்றால் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பாதிப் படைப்பு ஓடாது.

திறப்பு விழாக்கள் எல்லாம் நள்ளிரவில் நடக்கின்றனவே?

அங்குள்ள மணிக்கூடு அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் ஓடுகிறது. குளிர்காலத்தில் நாம் பதின்மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், கோடையில் பன்னிரண்டரை மணி நேரம். அவர்கள் நண்பகல் 12 மணி என்று அறிவித்தால் நமக்குப் பின்னிரவு 1.30 அல்லது 12.30. திறப்பு விழாவைத் தவறவிட்டதற்காக வருந்த வேண்டாம். கூட்டம் கூடினால் எல்லாம் தடுமாறும். அவதார்கள் சேற்றில் நடப்பார்கள். ஓடவேண்டிய நிரல்கள் ஓடா. படைப்பாளியோடு பேச ஆசை என்றால் மட்டும் கண்விழியுங்கள். கண்காட்சி வழக்கமாக வாரக்கணக்கில் இருக்கும். நம் காலை வேளையில் அனேகமாக நீங்கள் மட்டுமே அங்கே நிற்பீர்கள், அதுதான் பார்க்கத் தோதான நேரம்.

எவ்வளவு செலவாகும்?

கணக்குத் திறப்பதும் பார்ப்பதும் இலவசம். கடனட்டை கேட்கமாட்டார்கள். அங்கே லிண்டன் டொலர் என்ற நாணயம் புழங்குகிறது; ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறக்குறைய 250 கிடைக்கும். கலைப் பிரதேசங்களில் நன்கொடை உண்டியல் இருக்கும், போடுவது உங்கள் விருப்பம். கடை கடையாக உடை வாங்கித் திரிவதற்கு அங்கே எல்லையே இல்லை. அது வேறு வியாதி.

மகள் பார்க்க ஆசைப்படுகிறாள். பாதுகாப்பானதா?

பல அம்மாக்கள் கேட்ட கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். செக்கண்ட் லைஃபில் பிரதேசங்கள் பொது, மிதம், வயது வந்தோர் என்று மூன்று தரமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாவதில் பாலியல் உள்ளடக்கம் வெளிப்படையாகவே உண்டு. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பொதுத் தரப் பிரதேசங்களுக்கு மட்டுமே போகலாம். நல்ல கலைப் பிரதேசங்களில் கணிசமானவை மிதமான தரத்தில் இருக்கின்றன. ஆகவே பாடசாலைப் பிள்ளை தன் கணக்கில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. நீங்கள் உங்கள் கணக்கில் நுழைந்து, பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக் காட்டுவதே நல்லது. முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

உண்மைப் பெயர், பாடசாலை, ஊர், தொலைபேசி எண் எதையும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். தொந்தரவு செய்பவரின் பேச்சை ஒரே அழுத்தில் நிறுத்தும் வசதி உண்டு. இது பெரியவர்களுக்கும் பொருந்தும். "அண்ணா, தங்கச்சி" என்று உறவு சொல்லிப் பேச்சைத் தொடங்கி, ஒரு மணி நேரத்தில் பணம் கேட்பவர்கள் அங்கேயும் உண்டு.

அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

கோவிலுக்குப் போவது போல வேண்டாம். சந்தைக்குப் போவது போலவும் வேண்டாம். பொதுப்பேச்சில் சத்தமிடாதீர்கள். மின்மினி போல மினுங்கும் கனமான அலங்காரங்களைக் கழற்றிவிட்டுப் போங்கள். அவை மற்றவர்களின் கணினியையும் இழுத்துப் பிடிக்கும். மற்ற அவதார்களைப் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

உலகப் புகழ்பெற்ற அருங்காட்சியகங்களை அங்கே பார்க்கலாமா?

ஒரு காலத்தில் பார்த்திருக்கலாம். ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள பழைய ஓவியர்களின் கலைக்கூடம் 2007இல் தன் கட்டடத்தையும் ஏறக்குறைய 750 ஓவியங்களையும் அப்படியே அங்கே எழுப்பியது. உழைப்பு பிரமாண்டமானது. ஆனால் அங்கே உங்கள் அவதார், நிஜக் கூடத்தில் நடக்கும் அதே நடையைத்தான் நடக்கும். பழைய ஓவியங்களைப் பார்ப்பதற்கு அருங்காட்சியகங்களின் இணையத்தளங்களில் உள்ள உயர்தரப் படங்கள் எவ்வளவோ மேல். தூரிகைக் கோடு வரை பெரிதாக்கலாம். மெய்நிகர் உலகத்துக்குப் போனால் அங்கே மட்டுமே இருக்கக்கூடியதைப் பாருங்கள்.

நான் போவதற்குள் ஒரு கண்காட்சி மூடப்பட்டுவிட்டது. எங்கே தேடுவது?

பெரும்பாலும் எங்கும் இல்லை. ஒரு முழுப் பிரதேசத்தின் மாத வாடகை 200 அமெரிக்க டொலருக்கு மேல். வாடகை கட்டாத மாதம் நிலம் போய்விடும். நிலத்தின் மேல் நின்றது படைப்பாளியின் பெட்டிக்குள் திரும்பிவிடும். 2010இல் லிண்டன் லாப் கலைஞர்களுக்கு இலவசமாக நிலம் தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஏராளமான நல்ல படைப்புகள் அங்கே பிறந்தன. 2019இல் அதுவும் முடிந்தது. மற்ற நிறுவனங்களின் கதையும் இதேதான். மைக்ரோசொஃப்ட்டிடம் இருந்த ஓல்ட்ஸ்பேஸ் என்ற மெய்நிகர் உலகம் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. இணைய உலாவியிலேயே அறைகளைக் கட்ட உதவிய மொசில்லா ஹப்ஸ் சேவையை அதன் நிறுவனம் 2024 மே மாத இறுதியில் நிறுத்தியது.

மிஞ்சுவது பார்வையாளர்கள் எடுத்த படங்களும் காணொளிகளும் எழுதி வைத்த குறிப்புகளும்தான். ஆகவே பார்த்ததைப் பதிவு செய்யுங்கள். தேதி, படைப்பாளியின் பெயர், என்ன கேட்டது, எந்த வழியில் நடந்தீர்கள் என்று நான்கு வரி போதும். தமிழில் இப்படி எழுதுபவர் மிகக் குறைவு.

அழிந்துபோன எங்கள் ஊரை அங்கே கட்டலாமா?

இந்தக் கேள்வியை முள்ளிவாய்க்கால் பக்கத்து இளைஞர் ஒருவர் கேட்டார். பின்னர் வெளிநாட்டில் வாழும் சிலரும் கேட்டார்கள். கட்டலாம். தொழில்நுட்பம் தடையில்லை. கைத்தொலைபேசியால் ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றிப் பல படங்கள் எடுத்து, அவற்றிலிருந்து முப்பரிமாண உருவம் செய்யும் மென்பொருட்கள் வந்துவிட்டன. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் அதைச் சீர்செய்து ஏற்றலாம். கேள்வி எல்லாம் எதைக் கட்டுவது, யாரைக் கேட்டுக் கட்டுவது என்பதில்தான்.

முதலில் மனதில் வருவது இடிபாடுதான். உடைந்த சுவர், சரிந்த தண்ணீர்த் தாங்கி, பதுங்குகுழி, தறப்பாள். அதைக் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. 2009க்குப் பிறகு பஸ் பஸ்ஸாக வந்து நம் இடிபாடுகளின் முன்னால் நின்று படம் எடுத்துப் போனவர்களைப் பார்த்தோம். அதே வசதியை இரவும் பகலும் உலகம் முழுவதற்கும் நாமே செய்து கொடுக்க வேண்டுமா? அங்கே நுழைபவர் யார் என்று தெரியாது. பூனைத்தலை மாட்டிய ஓர் அவதார் பதுங்குகுழியின் மேல் ஏறி நின்று ஆடலாம். தடுப்பதற்கு எந்நேரமும் ஆள் வைக்க முடியாது.

அழிவுக்கு முன்பிருந்த ஊரைக் கட்டுவது வேறு. அதுவும் வீடு வீடாக நகல் எடுக்கத் தொடங்கினால் முடியாது. படங்கள் இடப்பெயர்வில் போய்விட்டன. ஊரில் வாழ்ந்த மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வீட்டின் நிறத்தை அவர்கள் முதலில் சொல்வதில்லை. கிணறு எந்தப் பக்கம், வேலி எங்கே வளைந்தது, எந்தப் பூவரசின் கீழ் நின்றால் பஸ் வருவது தெரியும், குளக்கட்டு எங்கே தொடங்கியது என்றுதான் சொல்வார்கள். அவர்கள் நினைவில் உள்ளது வழி. கலைஞராகச் செய்வதானால் அந்த வழியைச் செய்யுங்கள். வளவுகள் வெறுமையாகவே இருக்கட்டும். ஒரு கிணற்றின் அருகே போனால் அந்த வளவில் வாழ்ந்தவரின் குரல் கேட்கட்டும். துலா ஏறி இறங்கும் சத்தம், துருசு திறந்த தண்ணீரின் சத்தம், பனையோலையில் காற்று, வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகும் கூட்டத்தின் இரைச்சல் என்று ஒலிகளைச் சேர்க்கத் தொடங்கினால் காட்சிக்கு அவ்வளவு தேவை இருக்காது.

அனுமதி முக்கியம். ஒரு குடும்பத்தின் வளவு அவர்களுடையது, அது திரைக்குள் இருந்தாலும். காணாமல் ஆக்கப்பட்டவரின் படத்தையோ பெயரையோ குடும்பத்தைக் கேட்காமல் வைப்பது அவர்களுக்கு மறுபடியும் ஒரு காயம். கேட்ட பிறகும், பிறகொரு நாள் "எடுத்துவிடு தம்பி" என்று சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும். உயிரோடு இருப்பவர்களின் முகத்தையும் முகவரியையும் வைக்கவே வேண்டாம். முன்னால் வந்து பார்க்கும் மூத்தவர் அழத் தொடங்கினால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள். தனியாக ஹெட்போனோடு விட்டுவிடாமல் வீட்டார் ஒருவரைப் பக்கத்தில் இருத்துங்கள்.

அப்படிக் கட்டியதும் வாடகை கட்டாமல் அழிந்துவிட்டால்?

அதனால்தான் அத்தகைய வேலையைச் செக்கண்ட் லைஃபில் செய்ய வேண்டாம் என்கிறேன். ஓபன்சிமுலேட்டர் என்று திறந்த மூல மென்பொருள் ஒன்று 2007 முதல் இருக்கிறது. செக்கண்ட் லைஃப் போன்ற உலகத்தை உங்கள் சொந்தக் கணினியிலேயே ஓட்ட அது உதவும். நிலத்துக்கு வாடகை இல்லை. செக்கண்ட் லைஃபுக்குள் நுழையப் பலர் பயன்படுத்தும் ஃபயர்ஸ்டோர்ம் என்ற பார்வை மென்பொருளின் ஓபன்சிமுலேட்டர் பதிப்பால் இதற்குள்ளும் நுழையலாம். எல்லாவற்றையும் விட முக்கியமானது, ஒரு பிரதேசத்தை அதன் நிலம், பொருள், ஒலி, நிரல் அனைத்தோடும் ஒரே கோப்பாகச் சேமித்துக்கொள்ள முடியும். அந்தக் கோப்பைப் பென் டிரைவில் போட்டு ஒரு பிரதியைப் பாடசாலையிலும், ஒன்றை வீட்டிலும், ஒன்றை வெளிநாட்டில் உள்ள உறவினரிடமும் வையுங்கள். எந்த நிறுவனம் மூடினாலும் வேறொரு கணினியில் ஊர் திறக்கும்.

எங்கள் பாடசாலையில் கணினிகள் உண்டு, இணையம் சரியில்லை. ஏதாவது செய்யலாமா?

மேலே சொன்ன ஓபன்சிமுலேட்டருக்கு இணையமே தேவையில்லை. கணினி அறையில் சற்று வலுவான ஒரு கணினியில் அதை நிறுவி, மற்றவற்றை அறைக்குள் உள்ள வலையமைப்பால் இணைத்தால் போதும். பிள்ளைகள் ஒரே நிலத்தில் சேர்ந்து கட்டலாம். வெளியார் யாரும் நுழைய முடியாது என்பதால் மேலே அம்மாக்கள் கேட்ட கேள்விக்கும் இதுவே நல்ல பதில். நிறுவுவதற்கு ஓரளவு பொறுமையும் கணினி அறிவும் வேண்டும். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன. வவுனியாவில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. விருப்பமுள்ள மாணவர் ஒருவரைப் பிடித்தால் ஒரு சனிக்கிழமையில் முடித்துத் தருவார்.

முதல் வேலையாகப் பிள்ளைகளுக்கு வீடு கட்டச் சொல்லாதீர்கள். எல்லோரும் மாடிவீடு கட்டுவார்கள். "மழைக்கு முந்திய ஐந்து நிமிடம்" என்று ஒரு தலைப்புக் கொடுத்துப் பாருங்கள்.

உயர்தரச் சித்திரப் பாடத்துக்கு இது உதவுமா?

பரீட்சைக்கு நேரடியாக உதவாது. இடம், அளவு, ஒளி ஆகியவற்றை விளங்கிக்கொள்ள உதவும்.

தமிழ் எழுத்துகளைப் படைப்புக்குள் வைக்கலாமா?

எழுத்தைப் படமாக மாற்றி ஏற்றிவிடுங்கள். கொம்பும் காலும் இடம்மாறும் தொல்லை இல்லை. செக்கண்ட் லைஃபில் சாதாரண அளவுப் படம் ஒன்றை ஏற்ற 10 லிண்டன் டொலர் ஆகும். கையால் எழுதி ஒளிப்படம் எடுத்து ஏற்றினால் இன்னும் அழகு.

நாங்கள் ஒன்றைச் செய்து திறந்தால் யார் வந்து பார்ப்பார்கள்?

முதலில் வரப்போவது உங்கள் உறவினர்கள்தான், அதுவும் பல நாடுகளிலிருந்து. அவர்களின் நேரத்துக்கு ஏற்பத் திறப்பை வையுங்கள். இலங்கை நேரம் சனிக்கிழமை இரவு 7.30 என்றால் குளிர்காலத்தில் லண்டனில் பிற்பகல் 2, பாரிஸில் 3, டொரொண்டோவில் காலை 9. கோடையில் எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அந்நேரம் சிட்னியில் நள்ளிரவு ஆகிவிடும். ஆகவே ஞாயிறு காலை 8.30க்கு இன்னொரு தடவை வையுங்கள், அவர்களுக்கு அது மதியம் தாண்டிய நேரம். அவதாரை நடத்தத் தெரியாத பெரியம்மாமார் பலர் வருவார்கள். வாசலில் இரண்டு பிள்ளைகளை நிறுத்தி, எந்த விசையை அழுத்த வேண்டும் என்று குரலில் சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒலிவாங்கியை அணைக்க யாருக்கும் தெரியாது. முதல் அரைமணி நேரத்தை அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.